கலிம்போங்கில் பார்த்த வேர்

எந்த நர்சரிக்குப் போனாலும் முதலில் குனிந்து தொட்டியின் அடி ஓட்டையைத்தான் பார்ப்பேன். வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் செடி நன்றாக இருக்கிறது. ஓட்டை அடைத்துப் பாசி பிடித்திருந்தால், மேலே எத்தனை பூ இருந்தாலும் வாங்க மாட்டேன். கலிம்போங் பைன் வியூ நர்சரியிலும் அப்படித்தான் குனிந்து நின்றேன். போட்டோ எடுக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மருமகனுக்குச் சிலிகுரி பக்கம் பட்டாளத்தில் வேலை. பேத்தியைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு நாள் ஷேர் ஜீப் பிடித்து, தீஸ்தா ஆற்றோரமாக மலையேறினேன். கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் வீட்டு மாடியிலும் பின்கட்டிலுமாக முப்பது வருடமாகக் கள்ளி வளர்த்து விற்கிறவன் நான். மழை கொட்டும் இமயமலைப் பக்கம் கள்ளிக்கு என்ன வேலை என்ற சந்தேகத்தோடுதான் போனேன். பதில் கூரையில் இருந்தது. வெயில் உள்ளே வரும், மழை வராது. தண்ணீர் எப்போது, எவ்வளவு என்பதை ஆள் பார்த்து முடிவு செய்கிறான். நான் மாடியில் வெறும் பச்சை வலை கட்டிவிட்டு, நம்மூர்தான் வறண்ட ஊராயிற்றே என்று இருந்துவிட்டேன். பத்து மாதம் காயப்போட்டு வளர்த்ததை ஐப்பசியில் ஒரே வாரத்து அடைமழை அழுக வைத்துவிடும். இப்படி எத்தனை வருடம் வாரிக் கொட்டியிருக்கிறேன்! ஊர் திரும்பியதும் பாதி மாடிக்கு ஷீட் போட்டேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் சுரங்க அதிகாரிகளின் பங்களாக்களில் மாலியாக இருந்த ஒரு பெரியவர். ஆறு மாதம் என்னைப் பூவாளியைத் தொட விடவில்லை. தொட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார், கீழே வைப்பார், அடுத்ததற்குப் போவார். கனம் பார்த்தே உள்ளே ஈரமா காய்ச்சலா என்று சொல்லிவிடுவார். மண் தொட்டியானால் விரல் முட்டியால் ஒரு தட்டு. காய்ந்த தொட்டி கணீர் என்னும், ஈரத் தொட்டி டொக்கென்று சொல்லும். ஒரு சித்திரை வெயிலில் செடி வாடுகிறதே என்று அவருக்குத் தெரியாமல் மூன்று நாள் தொடர்ந்து ஊற்றிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு அந்தச் செடியை லேசாகத் தள்ளச் சொன்னார். சாய்ந்தது. உள்ளே வெறும் கூழ். கள்ளி செத்த பிறகும் ஒரு மாதம் பச்சையாக நிற்கும் என்று அன்று கற்றேன்.

“இன்னாடா, கை சும்மா இருக்காதா? பாக்கெட்டுல போட்டுக்கோ” என்றார். முப்பது வருடத் தொழிலில் பாதி அவ்வளவுதான்.

மீதிப் பாதி மண். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு இந்தத் தொழில்தான் சோறு என்றானபோது காசு மிச்சம் பிடிக்க ஒரு யோசனை வந்தது. ஊரைச் சுற்றி மலை மலையாகச் சயனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்தானே, பார்க்க நைஸாக மணல் மாதிரியே இருக்கிறதே என்று நாலு மூட்டை அள்ளிவந்து நூறு தொட்டிக்கு மேல் நிரப்பினேன். கோடைக் காற்றில் வீடெல்லாம் வந்து படியும் தூள் அது. மாவாக அரைத்த பாறை. தண்ணீர் பட்டதும் சிமெண்ட் மாதிரி இறுகிவிட்டது. மேலே ஊற்றியது கீழே இறங்கவில்லை, வேருக்குக் காற்றும் போகவில்லை. இரண்டு மாதத்தில் பாதிச் செடி போயிற்று. சுரங்கத் தூசி நெஞ்சில் கட்டிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். இருமல் அடங்கியதும், “இதப் போயி வேருக்குப் போட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது எனக்கு முக்கியமான சாமான் சல்லடை. கொரகொரப்பான ஆற்று மணல், உடைத்த செங்கல், கொஞ்சம் மரக்கரி, மக்கிய இலை. மணலும் செங்கல்லும் சேர்ந்து இரண்டு பங்கு, இலை ஒரு பங்கு. எல்லாவற்றையும் சலித்துத் தூளை வீசிவிட்டு, சல்லடையில் நிற்பதை மட்டும் எடுப்பேன். கற்றுக்கொள்ள வரும் பையன்கள் முதல் வாரம் சலிக்கச் சொன்னதுமே நின்றுவிடுகிறார்கள். ஒட்டுக்கட்ட மட்டும் எல்லோருக்கும் ஆசை!

ஒட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் சிவப்பு உருண்டை வைத்து விற்கிறார்களே, அந்த உருண்டையில் பச்சையமே கிடையாது. கீழே இருக்கும் முக்கோணத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. தண்டை வெட்டினால் நடுவில் ஒரு வட்டம் தெரியும், உருண்டையிலும் தெரியும். இரண்டு வட்டமும் ஓரிடத்திலாவது தொட வேண்டும். தொடாவிட்டால் பத்து நாளில் உருண்டை சுருங்கும். நான் முதலில் கட்டிய இருபதில் பிழைத்தது மூன்று. வட்டமெல்லாம் சரியாகத்தான் வைத்தேன். தண்டின் ஓரங்களைச் சாய்வாகச் சீவாமல் விட்டதுதான் தப்பு. காயும்போது நடுப்பகுதி உள்வாங்க, ஓரம் மேலே நின்று உருண்டையைத் தூக்கித் தள்ளிவிட்டது. கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைக்கவும் வேண்டும். கலிம்போங்கில் வரிசை வரிசையாக ஒட்டுச்செடிகள். நான் ஒட்டுவாயை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒட்டிய இடத்தில் தழும்பு தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கட்டிய கை யாருடையதோ, கும்பிடலாம்.

வெளியூரில் செடி வாங்கினால் தொட்டியோடு தூக்கி வராதீர்கள். கொட்டி, மண்ணை உதறி, வேரில் மாவு மாதிரி வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். அது மாவுப்பூச்சி. ஒரு செடியில் வந்தால் மாடி முழுக்கப் பரவும். சுத்தமான செடியை நியூஸ்பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்து அழுகும். நான் வாங்கிய எலுமிச்சை அளவு கோல்டன் பேரல் கள்ளி, ஜல்பைகுரியிலிருந்து பெங்களூர் வரை மூன்று நாள், அப்புறம் மாரிகுப்பம் வண்டி, எல்லாம் நிழலில் தூங்கிக்கொண்டே வந்தது. வந்ததும் நடவில்லை. ஒரு வாரம் அறுந்த வேர் ஆற விட்டு, காய்ந்த மண்ணில் நட்டு, மேலும் பத்து நாள் கழித்துத்தான் தண்ணீர் காட்டினேன்.

நாலு வருடமாகிறது. இப்போது சாத்துக்குடி அளவு. பூக்க இன்னும் பதினைந்து வருடத்துக்குக் குறையாமல் ஆகும். எனக்கு அறுபத்திரண்டு முடிந்துவிட்டது. சலிக்கத் தெரிந்த பையன் யாராவது இருந்தால் அனுப்புங்கள்.