பச்சைக் கட்டங்கள்

குற்றாலத்தில் ஸீஸன் ஆரம்பித்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும். நமக்குச் சென்னையில் இருப்புக் கொள்ளாது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறித் தென்காசியில் இறங்கி, தமக்கை மகள் வீட்டுத் திண்ணையில் மூட்டை முடிச்சுகளைப் போட்ட பிறகுதான் மறு காரியம். சென்ற ஆடி மாதமும் குடும்ப சமேதராய்ப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கினோம். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் தலையைக் கொடுத்தோம். பிரானூர்ப் பரோட்டாவையும் விட்டுவைக்கவில்லை. ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்துத்தான் அந்தப் பன்னிரண்டு நாளின் உண்மையான செலவு நமக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் கம்ப்யூட்டர் எஞ்சினீயரிங் படித்தவள். சென்னையில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். 2016-ல் குழந்தை பிறந்தது. மாமியாரும் படுத்த படுக்கையானார். வேலையை விட்டுவிடலாமா என்று அவள் தயங்கியபோது, தாய்மாமன் என்ற ஹோதாவில் நாம்தான் தீர்ப்புச் சொன்னோம்: "வேலை எங்கே ஓடிப் போகிறது? எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்!" எவ்வளவு சுலபமாகச் சொன்னோம்!

மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவள் விண்ணப்பங்கள் போட ஆரம்பித்தாள். பலர் பதிலே போடவில்லை. பதில் போட்ட ஒரு கம்பெனியார் கேட்டது ஒரே கேள்விதான்: "இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" மருந்து வேளை தவறாமல் ஒரு நோயாளியைக் காத்ததும், ஒரு பிள்ளையை ஆளாக்கியதும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது போலிருக்கிறது.

இது அவள் ஒருத்தியின் கஷ்டமல்ல. பிரிட்டனின் முதல் பெண் பௌதிகப் பேராசிரியரான டாப்னி ஜாக்ஸன், குடும்பத்துக்காக ஆராய்ச்சியை விட்டவர்கள் திரும்பி வருவதற்கென்றே 1985-ல் உதவித் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். நம் மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்ப இலாகாவும் 2002-03-ல் பெண் விஞ்ஞானிகளுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? தென்காசிக்குப் பக்கத்திலேயே, மத்தளம்பாறையில், ஸோஹோ கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. அந்தக் கம்பெனியார் வேலையை விட்ட பெண்களுக்காக 'மறுபடி' என்று அழகான பெயரிட்டு மூன்று மாதப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆனால் எந்த வாசலில் போய் நின்றாலும், "இன்றைக்கு உனக்கு என்ன செய்யத் தெரியும்?" என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது. பழைய ஸர்ட்டிபிகேட் அதற்குச் சாட்சி சொல்லாது.

ஆகவே அவள் சாட்சியைத் தானே தயாரிக்கத் தீர்மானித்தாள். கிட்ஹப் என்று ஒரு தளம், 2008-ல் தொடங்கியது. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை அதில் வைத்தால் உலகத்தில் யாரும் பிரித்துப் பார்க்கலாம். நகைக்கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது மாதிரிதான். ஆனால் இங்கே நகையோடு, அதைச் செய்த விதமும் தெரியும். எந்த நாள், எந்த மணிக்கு, எந்த வரியைத் திருத்தினார் என்பதெல்லாம் பதிவாகிவிடும்.

புரட்டாசியில் அந்த முகவரியை நமக்கு அனுப்பி, "இங்கிலீஷில் பிழை இருக்கிறதா பாருங்கள், மாமா" என்று எழுதியிருந்தாள். பார்த்தோம். இருபது அரைகுறை வேலைகளைக் குவிக்காமல், முழுமையாக மூன்றே மூன்று வைத்திருந்தாள். அவற்றில் நம் மனத்தைக் கவர்ந்தது அருவிகளைப் பற்றியது. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் மாண்டு போனது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பிறகு அவள், குளிக்கத் தடை விதித்த நாட்களைப் பத்திரிகைகளிலிருந்து பொறுக்கியெடுத்து, மழைக் கணக்கோடு சேர்த்து, பைதான் மொழியில் நிரல் எழுதி, மழைக்கும் வெள்ளத்துக்கும் உள்ள உறவை வரைபடமாக்கியிருந்தாள். அடியில் ஒரு குறிப்பு: கீழே வெயிலடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டுவதுண்டு, ஊர் மழைமானி அதை அறியாது, ஆகையால் இந்த நிரலை நம்பி ஒருவரும் அருவியில் இறங்கக் கூடாது. தன் சரக்கின் குறையைத் தானே எழுதி ஒட்டும் வியாபாரியை நாம் இதுவரை கண்டதில்லை!

பக்கத்தின் மேலே சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு படம் இருந்தது. நம் பையன் விளக்கினான்: ஒரு கட்டம் ஒரு நாள், வேலை செய்த நாள் பச்சை, செய்யாத நாள் வெறுமை. வேலை நடந்த நேரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதிகாலை 4-40. 4-55. இரவு 11-20. பகலில் ஒன்றுகூட இல்லை. மாதக்கணக்கில் பச்சையாகவே வந்த வரிசையில், நடுவே வெறுமையாகச் சில கட்டங்கள். மகனுக்கு ஜுரமோ என்று நினைத்துக்கொண்டே எண்ணினோம். பன்னிரண்டு. தேதியைப் பார்த்தோம். நாம் வந்து இறங்கிய நாளில் தொடங்கி, நாம் ரயிலேறிய நாளில் முடிந்திருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் விடியற்காலையில் அருவிக்குப் புறப்படும் ஆறு பேருக்குக் காபி யார் போட்டார்கள்? இரவு பதினொரு மணிக்கு இட்லி மாவு யார் அரைத்தார்கள்? "காபி பேஷ்!" என்று புகழ்ந்த ஞாபகம் மட்டும் நமக்கு இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு கம்பெனியார் அவளோடு டெலிபோனில் முக்கால் மணி நேரம் பேசினார்களாம். அதில் அரை மணிக்கு மேல் அருவியைப் பற்றித்தான். அந்தக் குறிப்பை ஏன் எழுதினாள் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். விட்டுப்போன வருஷங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. "வராவிட்டாலும் நாலாவது வேலையை ஆரம்பித்துவிட்டேன், மாமா" என்கிறாள்.

அடுத்த ஸீஸனுக்குக் குற்றாலத்தில் லாட்ஜ் அறை பிடிப்பதென்று முடிவு செய்து தெரிவித்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு இதில் மகா கோபம். "சொந்த வீடு இருக்கும்போது லாட்ஜா? ஊரில் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்று டெலிபோனில் சண்டை பிடித்தார். அவள் மட்டும், எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்று கேட்டுக்கொண்டாள்.