எல் செகுண்டோ: இரண்டாமவர் ஆட்டம் பழகும் ஊர்

லாஸ் ஏஞ்சலீஸ் சர்வதேச விமான நிலையத்தின் தெற்கு வேலியைத் தாண்டினால் ஒரு சின்ன ஊர். மேற்கே பசிபிக் கடல். தெற்கே குழாய்களும் தொட்டிகளும் புகைபோக்கிகளுமாகப் பரந்து கிடக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. நடுவே ஓட்டு வீடுகள், ஒரு கடைத்தெரு, மரம் வைத்த நடைபாதைகள். விமானங்கள் கிளம்பும் இரைச்சல் இங்கே கடிகாரச் சத்தம் மாதிரி. வந்தவருக்குத்தான் காதில் விழும். ஊர்க்காரர் காதில் விழாது.

ஊரின் பெயர் எல் செகுண்டோ. ஸ்பானிய மொழியில் 'இரண்டாவது' என்று அர்த்தம். பெயருக்குப் பின்னால் காவியம் எதுவும் கிடையாது. 1911-ல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி கலிபோர்னியாவில் தனது இரண்டாவது சுத்திகரிப்பு ஆலையை இங்கே அமைத்தது. முதலாவது, வடக்கே ரிச்மண்டில். ஆலையைச் சுற்றி முளைத்த குடியிருப்புக்கு அந்த வரிசை எண்ணே பெயராகிவிட்டது. 1917-ல் நகராட்சியும் ஆனது.

இந்த ஊரின் கிழக்குப் பக்கம், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் கம்பெனி என்று நினைக்கத் தோன்றும். உள்ளேதான் லாஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி 2017-லிருந்து பயிற்சி செய்கிறது. அதே கட்டடத்தில், ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத ஓர் அரங்கில், லேக்கர்ஸின் இரண்டாம் அணியான 'சவுத் பே லேக்கர்ஸ்' ஆடுகிறது. ஜி-லீக் எனப்படும் இந்த இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடும் பெரும்பாலோருக்கு ஒரு சீசனுக்குச் சம்பளம் நாற்பதாயிரம் டாலரைச் சுற்றித்தான். மேலே போக ஏங்குபவர்களும், மேலேயிருந்து விழுந்தவர்களும் ஆடும் ஆட்டம் இது. இங்கே கூட்டம் வருவது அபூர்வம்.

2024 நவம்பரில் அந்த வழக்கம் மாறியது. பத்திரிகையாளர்கள் வந்தார்கள். காமிராக்கள் வந்தன. காரணம் 20 வயது இளைஞர் ஒருவர். முழுப் பெயர் லெப்ரான் ரேமோன் ஜேம்ஸ் ஜூனியர். எல்லோரும் கூப்பிடுவது பிரானி.

'ஜூனியர்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. சீனியர், கூடைப்பந்து உலகில் இன்னொரு விளக்கம் தேவையில்லாதவர். 2003-லிருந்து என்.பி.ஏ.யில் ஆடுபவர், நான்கு முறை சாம்பியன். 2023 பிப்ரவரி 7 அன்று கரீம் அப்துல் ஜப்பாரின் சாதனையைத் தாண்டி, என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் ஆனார். அவர் ஆடிய அதே அணியின் மஞ்சள் சட்டையை மகனும் போட்டுக்கொண்டார். முதுகில் 9 என்ற எண்.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள எல் செகுண்டோவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்துக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் உலகத்தின் ரப்பர் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் என்று டயர் கம்பெனிகள் வளர்ந்த மண். பிறகு டயர்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அந்த இறங்குமுகத்தின் நடுவில், 1984 டிசம்பர் 30 அன்று, 16 வயதுத் தாய்க்குப் பிறந்தவர் லெப்ரான். அப்பா கூட இல்லை. வாடகை கொடுக்க முடியாமல் அம்மாவும் பிள்ளையும் வீடு வீடாக மாறினார்கள். நான்காம் வகுப்பில் அவர் பள்ளிக்கூடம் போகாத நாட்கள் மட்டும் எண்பதுக்கு மேல்.

கூடைப்பந்து அவரைத் தூக்கி நிறுத்தியது. 17 வயதில் தேசியப் பத்திரிகையின் அட்டைப்படம். 18 வயதில், கல்லூரிப் பக்கமே போகாமல், என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். எடுத்தது பக்கத்து ஊர் கிளீவ்லண்ட் அணி. 19 வயதில் அப்பா ஆனார். 2004 அக்டோபர் 6 அன்று பிறந்த மகனுக்குத் தன் பெயரையே வைத்தார். தனக்குக் கிடைக்காத தகப்பனாகத் தான் இருக்க வேண்டும் என்ற ஆசை. பெயர்தான் அவர் கொடுத்த முதல் சொத்து.

அந்தச் சொத்து சுமையாகும் என்பது போகப் போகத்தான் தெரிந்தது. பையனுக்குப் பத்து வயதாக இருக்கும்போதே கல்லூரிகள் இடம் தருவதாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டன, அப்பாவே எரிச்சல்பட்டார். 2018-ல் ஒரு தொலைக்காட்சி உரையாடலில், மகனுக்குத் தன் பெயரை வைத்ததற்காக இன்னும் வருத்தப்படுவதாக வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் 2022-ல் அதே லெப்ரான், தன் கடைசி சீசனை மகனோடு சேர்ந்துதான் ஆடப்போவதாக அறிவித்தார். அப்போது பையன் பள்ளியைக்கூட முடிக்கவில்லை. பாசத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் உலகம் கேட்கச் சொன்ன வார்த்தை. அன்றைக்கே மகனின் பாதையில் ஒரு கெடு விழுந்துவிட்டது. அப்பாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. மகன் அவசரமாக வளர வேண்டியிருந்தது.

அடுத்த நிறுத்தம், லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் மையப்பகுதிக்குத் தெற்கே உள்ள தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம். செங்கல் கட்டடங்கள், நீரூற்றுகள், சைக்கிளில் பறக்கும் மாணவர்கள். அதன் ஓரத்தில் கேலன் சென்டர் என்ற உள்ளரங்கம். 2023 ஜூலை 24 அன்று காலை, அங்கே பயிற்சி செய்துகொண்டிருந்த பிரானி மயங்கிச் சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 18. அங்கிருந்த மருத்துவக் குழு உடனே கவனித்ததால் உயிர் தங்கியது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு குறை இருந்தது பரிசோதனைகளில் தெரிந்தது, அதைச் சரிசெய்தார்கள்.

அந்த ஒரு நாள் பல கேள்விகளை அற்பமாக்கியது. பையன் அப்பா மாதிரி ஆடுவானா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், பையன் இனி ஓட முடியுமா என்று கேட்டார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 10 அன்று லாங் பீச் அணிக்கு எதிராக அவர் களத்தில் இறங்கினார். அந்த சீசனில் அவர் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 4.8 புள்ளிகள். எண்ணைப் பார்த்தால் சாதாரணம். நின்றுபோன இதயத்தோடு சேர்த்துப் பார்த்தால் சாதாரணமா என்பதை வாசகர்தான் சொல்ல வேண்டும்.

2024 ஜூன் மாத என்.பி.ஏ. தேர்வில் மொத்தம் 58 பேர் எடுக்கப்பட்டார்கள். பிரானி 55-வது ஆள். எடுத்தது அப்பாவின் அணி. நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய 79 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று செய்திகள் வந்தன. 'வாரிசு' என்ற முணுமுணுப்பு அமெரிக்கா முழுக்கக் கேட்டது. நியாயமான முணுமுணுப்புதான். கல்லூரியில் 4.8 புள்ளி எடுத்த வேறொரு பையன் அந்த வரிசையில் நின்றிருக்கவே முடியாது. அந்த இடத்துக்கு ஏங்கிய எத்தனையோ பேர் எல் செகுண்டோ மாதிரி அரங்குகளில் சில ஆயிரம் டாலருக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் ஒரு கதை உண்டு.

இது நமக்குப் புதிதல்ல. ரோஹன் கவாஸ்கர் 11 ஒருநாள் ஆட்டங்கள் ஆடினார். ஒவ்வொரு முறையும் மட்டையோடு இன்னொரு பெயரையும் தூக்கிக்கொண்டு நடந்தார். அர்ஜுன் டெண்டுல்கர் 2022-ல் மும்பையை விட்டு கோவாவுக்குப் போய், முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே சதம் அடித்தார். மறுநாள் பத்திரிகைகள் எழுதியது, 1988-ல் அப்பா அடித்த சதத்தைப் பற்றியும் சேர்த்துத்தான்.

கூடைப்பந்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பாவைத் தாண்டிப் புகழ்பெற்ற மகன்களைப் பார்த்தால், அவர்களுடைய அப்பாக்கள் நல்ல ஆட்டக்காரர்கள். மகா ஆட்டக்காரர்கள் அல்ல. கோபி பிரையன்டின் அப்பா ஜோ பிரையன்ட், என்.பி.ஏ.யில் எட்டு வருடம் ஆடிவிட்டு இத்தாலிக்குப் போனவர். ஸ்டெஃபன் கரியின் அப்பா டெல் கரி, தூரத்திலிருந்து குறி தவறாமல் எறியும் திறமைக்காக மதிக்கப்பட்டவர். அந்த வீடுகளில் மகனுக்கு ஆட்டத்தின் சூட்சுமம் கிடைத்தது. நிழல் அவ்வளவு நீளமாக விழவில்லை. மைக்கேல் ஜோர்டனின் இரண்டு மகன்களும் கல்லூரி வரை ஆடினார்கள். என்.பி.ஏ. வாசலைத் தொடவில்லை.

உடம்பும் பரம்பரைச் சொத்து அல்ல. லெப்ரான் 6 அடி 9 அங்குலம். மோதினால் எதிராளி நகர வேண்டும். பிரானி 6 அடி 2 அங்குலத்துக்குள். சாதாரண ஊரில் நெட்டையன், என்.பி.ஏ.யில் குள்ளன். அப்பாவின் ஆட்டத்தை அவர் ஆடவே முடியாது. எதிராளியை ஒட்டி நின்று மறிப்பது, பந்தைத் தட்டிப் பறிப்பது, வெளி வட்டத்திலிருந்து எறிவது — இதுதான் அவருக்குத் திறந்திருக்கும் வழி. அதை அவர் தானாகத்தான் கற்க வேண்டும்.

எல் செகுண்டோவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், நகரின் நடுவே லேக்கர்ஸின் பெரிய அரங்கம். சுமார் 19 ஆயிரம் பேர் உட்காரலாம். வாசலில் வெண்கலச் சிலைகள்: மேஜிக் ஜான்சன், அப்துல் ஜப்பார், ஷகீல் ஓநீல், கோபி. 2024 அக்டோபர் 22 அன்று, இரண்டாவது கால் பகுதி முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது, அப்பாவும் மகனும் ஒன்றாக எழுந்து களத்துக்குள் போனார்கள். என்.பி.ஏ. வரலாற்றில் முதல் முறை. 1990-ல் பேஸ்பாலில் இதையே செய்த கென் கிரிஃபி அப்பாவும் மகனும் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள். பிரானி மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே ஆடினார். இரண்டு முறை எறிந்தார்; இரண்டும் உள்ளே போகவில்லை.

எட்டு நாள் கழித்து, கிளீவ்லண்டில், அப்பாவைக் கொண்டாடிய அதே கூட்டம் பிரானி வேண்டும் என்று கத்தியது. அங்கேதான் முதல் கூடையைப் போட்டார். ஆனால் ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் வேறு கதை. ஐந்து எறிதலில் ஒன்றுகூட விழவில்லை. மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தார். தொலைக்காட்சி விமர்சகர்கள் கிழித்தார்கள். மார்ச்சில் ஓர் ஆட்டத்தின்போது அப்படிப்பட்ட ஒரு விமர்சகரிடம் லெப்ரான் நேராகப் போய்ப் பேசினார். மகனைக் காப்பாற்றப் போன அப்பாதான் மறுநாள் செய்தி. மகன் மறுபடியும் நிழலுக்குள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஆரவாரமில்லாத வேலை எல் செகுண்டோவில்தான் நடந்தது. டிசம்பரில், ஜி-லீக்கில் வெளியூர் போய் ஆடிய முதல் ஆட்டத்தில் 30 புள்ளி. மார்ச் 20 அன்று, மூத்த வீரர்கள் பலர் இல்லாத நாளில், என்.பி.ஏ.யில் மில்வாக்கி அணிக்கு எதிராக 17. நான்கு நாள் கழித்து ஜி-லீக்கில் சாண்டா குரூஸ் அணிக்கு எதிராக 39. இந்த எண்களால் அவர் மகா வீரர் ஆகிவிடவில்லை. முதல் மாதத்தில் செய்ய முடியாததை ஆறாவது மாதத்தில் செய்தார் என்பதற்கு மட்டும் இவை சாட்சி. எந்த இளம் ஆட்டக்காரரிடமும் கேட்கக்கூடியது அவ்வளவுதான். இவரிடம் மட்டும் அது போதவில்லை.

ஒரு வகையில் அப்பாவைவிட மகனின் நிலை கடினம். ஏக்ரன் பையனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, வந்ததெல்லாம் லாபம். கிளீவ்லண்டில் பிறந்த பையனிடம் எல்லோரும் எல்லாவற்றையும் எதிர்பார்த்தார்கள். அதனால் எவ்வளவு வந்தாலும் குறை. பசி இல்லாத பிள்ளை என்று அவரைச் சொல்லிவிடலாம். ஆனால் இதயம் ஒருமுறை நின்ற பிறகும், ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும், காலையில் எழுந்து இந்த வெள்ளைக் கட்டடத்துக்கு வந்ததற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அரங்கை விட்டு வெளியே வந்து மேற்கே கடலை நோக்கிப் போனால், சாலையின் இடதுபுறம் அந்த ஆலை. இப்போது செவ்ரான் பெயரில் இருக்கிறது. இருட்டியதும் ஆயிரக்கணக்கான விளக்குகள். மேற்குக் கடற்கரையின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று. கொள்ளளவில் ரிச்மண்டில் உள்ள முதலாவதைவிடப் பெரியது. இங்கே நின்று அதைப் பார்ப்பவருக்கு ரிச்மண்ட் ஞாபகம் வருவதில்லை.

ஆனால் ஆலைக்கு அதற்கு நூறு வருடம் கொடுத்தார்கள். பையனுக்கு ஒரு சீசன்கூடக் கொடுக்கவில்லை.