ரூமும் வண்டியும் ஒரே கணக்கு

புதுவாயல் கூட்டுரோட்டில் இருக்கும் எங்கள் டிராவல்ஸ் ஆபீசுக்கு வரும் போன்களில் பாதி கம்பெனி விருந்தாளிகளுக்கானவை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெஷின் பொருத்த வரும் இன்ஜினீயர், தேர்வாய்கண்டிகைக்கு ஆடிட் பார்க்க வருபவர், தடாவைத் தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போகும் ஜப்பானியர் என்று தினம் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு ரூம் போட வேண்டும், வண்டி போட வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பதுதான் அக்கா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் முதலாளியை. எழும்பூரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட்டிங் பார்த்துவிட்டு, சொந்த ஊர்ப் பக்கம் வந்து கடை போட்டவர். "தம்பி, கஸ்டமர் எங்க தங்குறார்னு கேக்காம வண்டி ரேட்டு சொல்லாதே" என்பார். வாடகை வண்டியின் மீட்டர் ஷெட்டில் தொடங்கி ஷெட்டில்தான் முடியும். தி.நகரில் ரூம் எடுத்தவரைத் தினமும் மாதவரம், செங்குன்றம், காரனோடை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தால் கிலோமீட்டர், நல்லூர் டோல், டிரைவர் பேட்டா எல்லாம் ஏறும். பகல் முழுக்க வண்டி கம்பெனி வாசலில் சும்மா நிற்கும். அவரையே திங்கள் முதல் வியாழன் வரை இந்தப் பக்கம் தங்கவைத்து, வெள்ளி மாலை சென்னைக்கு மாற்றினால் பில் பாதியாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பார்க்கவும் அவருக்கு அதுதான் வசதி. ரூம் எங்கே என்பது வண்டி வாடகையை முடிவுசெய்கிறது. வண்டி எந்த நாளில் வேண்டாம் என்பது ரூமை முடிவுசெய்கிறது.

அடுத்துப் படித்தது நேரக் கணக்கு. இங்கிருந்து பெரியபாளையம் சாதாரண நாளில் ஒரு சின்ன ஓட்டம். ஆடி ஞாயிறு என்றால் பவானி அம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொள்ள வருபவர்களின் வேன்களும் டிராக்டர்களும் அந்த ரோட்டை நிறைத்துவிடும். செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகனுக்குச் சொந்த வீடு வேண்டி வருபவர்கள் கூட்டம். சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள். எங்கள் டிரிப் ஷீட்டில் அதனால் கிலோமீட்டருக்கு முன்னால் கிழமையும் மணியும் வரும். இதை ரோட்டோரத்தில் நின்று பார்த்தால்தான் மனசில் ஏறும் என்று அக்கா என்னை ஆடி மாதத்தில் ஜங்ஷனில் நிறுத்தியே கற்றுக்கொடுத்தார்.

அயர்லாந்து வந்தது அதற்குப் பிறகு. கவரைப்பேட்டை பக்கம் இருக்கும் ஒரு சூப்பர்வைசர், மே மாத ஸ்கூல் லீவில் மனைவி, அம்மா, பையனோடு போக வேண்டும் என்று வந்தார். மைத்துனர் கால்வே பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். டப்ளினில் இறங்கி, தாமே கார் ஓட்டி, கால்வே போய், தெற்கே கெர்ரி வரை சுற்றிவர ஆசை. "நம்ம நோட்டை எடு, அதே கணக்குதான்" என்றார் அக்கா. நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

சார் முதலில் சொன்னது, ஏர்போர்ட்டில் இறங்கியதுமே கார் எடுத்துவிடலாம் என்று. அக்கா அந்தக் காகிதத்தில் டப்ளின் நாட்களைச் சுற்றிக் கோடு போட்டு, "இங்க வண்டி வேணாம்" என்று எழுதினார். டப்ளினின் நடுப்பகுதி நடந்தே பார்க்கக்கூடியது. லூவஸ் டிராமும் பஸ்ஸும் உண்டு, லீப் கார்டு ஒன்று போதும். விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஊருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர், பஸ்ஸில் வந்துவிடலாம். நகரத்துக்குள் கார் வைத்திருந்தால் நிறுத்தக் கட்டணமே தினமும் தலைவலி. கார் இல்லை என்று முடிவானதும் ரூம் தேடும் இடமும் மாறிவிட்டது. பார்க்கிங் வசதிக்காக ஊருக்கு வெளியே போகத் தேவையில்லை, டிராம் பாதைக்குப் பக்கத்தில் எடுத்தால் போதும்.

தேதி விஷயத்தில் எனக்கு ஆடி ஞாயிறு கைகொடுத்தது. டப்ளினில் குரோக் பார்க் என்று 80,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் இருக்கிறது. அங்கே பெரிய மேட்ச்சோ கச்சேரியோ இருந்தால் அன்றைக்கு ரூம் வாடகை எகிறும். மே மாத முதல் திங்கள் அங்கே பொதுவிடுமுறை, அந்த வார இறுதியில் ஊரெல்லாம் கிளம்பும். ரூம் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊர்க் காலண்டரைப் பார்த்து, சாரின் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். எல்லா ரூமும் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே போட்டோம், ஏனென்றால் விசா வரும்வரை எதுவும் உறுதியில்லை. செக்-இன் நேரத்தையும் தனியாக எழுதினேன். நம் ஊர் லாட்ஜில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பார்கள். அங்கே பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான் ரூம். வயதான அம்மா ராத்திரி முழுக்க விமானத்தில் வந்து லாபியில் காத்திருக்கக் கூடாது என்பதால், மதியத்துக்குப் பிறகு இறங்கும் விமானமாகப் பார்க்கச் சொன்னோம்.

கார் பக்கம் வந்தால் நமக்கு ஒரு பெரிய நிம்மதி: அயர்லாந்திலும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், கியர் இடதுகையில். ஆட்டோமேட்டிக் கேட்டால் வாடகை கூடும். சார் கியர் வண்டி ஓட்டிப் பழகியவர் என்பதால் அந்தப் பணம் மிச்சம். நம் லைசென்ஸ் செல்லும், ஆனாலும் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச டிரைவிங் பர்மிட் வாங்கிவைக்கச் சொன்னோம். அது ஒரு வருஷம் செல்லும். மைத்துனருக்கு 25 வயது ஆகவில்லை. அவர் பெயரையும் டிரைவராகச் சேர்த்தால் இளவயதுக் கட்டணம் கேட்பார்கள். அதனால் ஓட்டுவது சார் ஒருவர்தான். பையனின் உயரத்தை அளந்துவரச் சொன்னோம், குழந்தை சீட்டு அங்கே சட்டம்.

பணம் சிக்குவது இன்சூரன்ஸில். வாடகையோடு வரும் இன்சூரன்சில், கீறல் விழுந்தால் ஒரு தொகை வரை நம் தலையில்தான். அந்தத் தொகையை கிரெடிட் கார்டில் முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள். கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவியின் கார்டு, டெபிட் கார்டு என்றால் கவுண்டரிலேயே நிற்க வேண்டிவரும். வெளியில் மலிவாகக் கிடைக்கும் தனி இன்சூரன்ஸ் எடுத்தாலும் அந்தப் பிடித்தம் நீங்காது. சேதத்துக்குக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபருக்குப் பிறகு நம் புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை சாரே ஆப்பில் திறந்து, வரம்பையும் கூட்டிவைக்க வேண்டும். இதை ஷீட்டின் முதல் வரியாகவே எழுதினேன்.

டப்ளின் முடிந்த காலையில் பஸ்ஸில் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கார் எடுப்பது என்று வைத்தோம். அங்கிருந்து கால்வே சுமார் 200 கிலோமீட்டர், பெரும்பாலும் மோட்டார்வே. கிளம்பிய சற்று நேரத்திலேயே எம்50 ரோட்டில் டோல் வரும். பூத் இருக்காது, கேமரா மட்டும்தான். மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும். வாடகைக் கம்பெனி அதைத் தானே கட்டுமா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளச் சொன்னோம். பெட்ரோல் நாமே போட வேண்டும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல். மாற்றிப் போட்டால் இன்சூரன்ஸ் பொதுவாகப் பேசாது.

கால்வேயிலிருந்து கில்லார்னிக்குப் போகும் நாளில்தான் எனக்கு ஆசை அதிகம். லிமெரிக் வழியாகப் போனால் சீக்கிரம். நான் கடலோரமாகப் போட்டேன்: 214 மீட்டர் உயரத்தில் நிற்கும் மோஹர் செங்குத்துப் பாறைகள், பிறகு கில்லிமரில் காரோடு படகேறி ஷானன் ஆற்றை 20 நிமிடத்தில் கடந்து டார்பெர்ட். மே மாதத்தில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பதால் அக்கா சம்மதித்தார். ஆனால் மேப் காட்டிய நேரத்தோடு ஒரு மணி சேர்த்து எழுதினார். அந்த ஊர்க் கிராம ரோடுகள் குறுகலானவை. 2025 பிப்ரவரியில் அவற்றின் வேக வரம்பை 80-லிருந்து 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள். கில்லார்னியில் தங்குமிடம் ஒரு குடும்பம் நடத்தும் வீடு. ராத்திரி ரிசப்ஷனில் ஆள் உட்கார்ந்திருக்கமாட்டார்கள், வந்துசேரும் நேரத்தை முன்பே சொல்ல வேண்டும். மறுநாள் 179 கிலோமீட்டர் ரிங் ஆஃப் கெர்ரி. டூரிஸ்ட் பஸ்கள் அதில் இடஞ்சுழியாகப் போகும். அதே திசையில், பஸ்கள் புறப்படுவதற்கு முன்பே கிளம்பும்படி நேரம் போட்டேன்.

வட அயர்லாந்து வேண்டாம் என்று அக்கா கறாராகச் சொன்னார். அது பிரிட்டனின் பகுதி, பிரிட்டனுக்கும் செல்லும் என்ற பி.ஐ.வி.எஸ். குறிப்பு இல்லாவிட்டால் அயர்லாந்து விசா அங்கே செல்லாது. நம் மஞ்சள் போர்டு வண்டி ஆந்திராவுக்குள் போக பர்மிட் கேட்பது போலத்தான், ஆனால் அங்கே எளாவூர் மாதிரி செக்போஸ்ட் நிற்காது. எல்லை கண்ணில் படாமலே தாண்டிவிடலாம். அதனால்தான் ஷீட்டிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்.

கடைசி இரவுக்கு சார் டப்ளின் நகரத்துக்குள்ளேயே ரூம் கேட்டார், கடைத்தெரு பார்க்க. கில்லார்னியிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வருபவர், பெட்டிகளோடு மாலை நெரிசலில் நகரத்துக்குள் கார் கொண்டுபோக வேண்டாம் என்று ஏர்போர்ட் பக்கத்தில் ரூம் போட்டோம். டேங்க் நிரப்பி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அன்று மாலையே காரை ஒப்படைத்துவிடலாம். ஒருநாள் கார் வாடகை மிச்சமாகும். கடைத்தெருவுக்கு பஸ் இருக்கிறது. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.