மூணு அஜ்மானுக்கு ஒரு ஹெல்வெடியா

பழைய ஸ்டாம்ப் ஆல்பத்தைப் பரணிலிருந்து இறக்கியவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: இது இப்போது என்ன விலைக்குப் போகும்? பெரும்பாலும் ஒன்றுக்கும் போகாது. சாதாரண ஸ்டாம்புகளை வெளிநாட்டு வியாபாரிகள் எண்ணிக்கூடப் பார்ப்பதில்லை. கவரோடு கத்தரித்த துண்டுகளாக எடை போட்டு விற்கிறார்கள். 1948 ஆகஸ்ட் 15-ல் வெளிவந்த காந்தி பத்து ரூபாய் சிக்கினால் பேச்சு வேறு. அதிலேயே கவர்னர் ஜெனரல் உபயோகத்துக்கென்று ‘சர்வீஸ்’ என்று மேலே அச்சடித்த ஸ்டாம்புகள் நான்கு, ஒன்றோடொன்று பிரிக்காமல் சேர்ந்தபடியே, 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றன. அது நம் பரணில் இருக்காது.

எங்களிடம் இருந்தது அகதி ஸ்டாம்ப். வங்கதேசத்து அகதிகளுக்காக 1971 நவம்பரிலிருந்து தபாலில் கூடுதலாக 5 பைசா ஸ்டாம்ப் ஒட்டச் சொன்னது அரசு. 1973 மார்ச் வரை அது நீடித்தது. அதனால் எந்த வீட்டில் கடிதக் கம்பியை உருவினாலும் நாலைந்து கிடைக்கும். கம்பி குத்திய ஓட்டை ஸ்டாம்பிலேயே விழுந்திருந்தால் எங்கள் சந்தையில் பாதி விலை.

சந்தை என்றால் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. பத்து அகதிக்கு ஒரு அஜ்மான். மூணு அஜ்மானுக்கு ஒரு ஹெல்வெடியா.

ஹெல்வெடியா, அதாவது சுவிட்சர்லாந்து, மில்காரர் வீட்டுப் பையன்கள் கையில்தான் புழங்கும். லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸ் 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு கைகோத்துத் தொடங்கியது. ஸ்பின்னிங் மெஷின் பேச்சென்றாலே அந்த நாட்டுப் பெயர் அடிபட்ட ஊர் எங்கள் கோவை. எனக்கு மில் ஆபீசில் தபால் பிரிக்கிற மாமா ஒருவர் இருந்தார்.

“ஏனுங் மாமா, கவரு வந்துச்சுங்களா?”

“வந்துருக்குது கண்ணு. மானேசரு படிச்சு முடிக்கட்டும், இரு.”

அந்த ‘இரு’ சில சமயம் ஒரு மாசம் ஆகும். வந்ததும் பித்தளைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டால், கோந்து இளகி ஸ்டாம்ப் தானாக நழுவும். அவசரப்பட்டு உரித்தால் பின்பக்கம் மெலிந்து போகும். தந்திப் பேப்பரில் குப்புறப் போட்டு, காய்ந்ததும் நோட்டுக்குள் வைத்து அமுக்கவேண்டும்.

அஜ்மானுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. பாக்கெட்டில் வரும், பெரிசு, பளபளப்பு, கென்னடி, ராக்கெட், பட்டாம்பூச்சி. மூலையில் முத்திரை அளவெடுத்தாற்போல் விழுந்திருக்கும். திருப்பினால் கோந்து அப்படியே இருக்கும். முத்திரை வாங்கியும் கோந்து கரையாத ஸ்டாம்ப், தபாலையே பார்க்காதது. அஜ்மான் போன்ற வளைகுடாவின் குட்டி எமிரேட்டுகள் 1960-களில் ஏஜெண்டுகளுக்கு உரிமம் கொடுத்து, சேகரிப்பவர்களுக்கென்றே மூட்டை மூட்டையாக அச்சடிக்க விட்ட சரக்கு அது. கேட்லாக்காரர்கள் பலர் அதைச் சீந்துவதே இல்லை. இதெல்லாம் தெரியாமலேயே மூணுக்கு ஒன்று என்று விலை வைத்தோமே, அந்தக் கணக்கு இன்றைக்கும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஹெல்வெடியாவுக்குப் பின்னால் ஒரு கடிதம் இருந்தது, படித்து முடிக்க ஒரு மானேஜர் இருந்தார், எடுத்து வைக்க மாமா இருந்தார்.

எனக்கு ஏக்கம் அந்த வழியின் மேல்தான், காகிதத்தின் மேல் இல்லை. இப்போது வரும் கவரில் பார்கோடு இருக்கிறது. 2025-ல் பதிவுத் தபாலும் ஸ்பீடு போஸ்டுக்குள் போய்விட்டது. ஸ்டாம்புகள் மட்டும் முன்னைவிட அழகாக வந்துகொண்டுதான் இருக்கின்றன, நேராக ஆல்பத்துக்கு.

2010 ஜூனில் கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்தபோது அதற்கென்று ஐந்து ரூபாய் ஸ்டாம்ப் வெளியிட்டார்கள். என்னிடம் உள்ளது புத்தம் புதிது, கோந்தோடு. யாராவது ஒட்டி, யாருக்காவது எழுதி, கறுப்பு முத்திரை கோணலாக விழுந்து வந்த ஒன்று உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். ஒரு ஹெல்வெடியா தருகிறேன்; அஜ்மான் எத்தனை கேட்டாலும் மேலே போட்டுத் தருகிறேன்.