கால் செய்து கொடுத்தவர்கள்

வேதாவுக்குக் கால் செய்து கொடுக்கிறவன் பெயர் ஜிம். அமெரிக்கன். பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்' நாவலைப் படித்தவர்கள் வேதாவைப் பற்றித்தான் பேசுவார்கள். பரதநாட்டியப் போட்டியில் வென்ற சென்னைப் பெண், திரும்பும் வழியில் விபத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் போய்விடுகிறது, பிறகு மறுபடியும் சலங்கை. எனக்கோ புத்தகத்தை மூடிய பிறகும் ஜிம்மை விட மனம் வரவில்லை. அளவெடுக்கிறவன், பொருத்துகிறவன், சரிவரும்வரை விடாமல் திருத்துகிறவன். மேடையில் கைதட்டல் எழும்போது அவனுடைய வேலையும் அங்கே நிற்கிறது.

2014-ல் வந்த இந்த நாவல் முழுக்க வசன கவிதை. எழுதியவர் சென்னையில் பிறந்தவர், அமெரிக்காவில் கடலியல் படித்து ஆய்வாளராக இருந்தவர். பதின்வயதுக்காரர்களுக்கான புத்தகம் என்று கடைக்காரர்கள் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு இழப்புகள் இருக்கின்றன. முதலில் கால். பிறகு பாட்டி. அம்மாவுக்கு நாட்டியத்தில் அத்தனை இஷ்டமில்லாத வீட்டில் வேதாவின் பக்கம் நின்றவர் அந்தப் பாட்டிதான். பரிசுக்காகவே அவளைத் தயார் செய்த பழைய ஆசான் இனி வேண்டாம் என்கிறார். தனம் அக்கா என்ற இன்னொரு குரு ஏற்றுக்கொள்கிறார், ஆனால் ஆரம்பப் பாடத்திலிருந்து. பரிசு வாங்கியவள் அரைமண்டியில் நின்று 'தெய்யா தெய்' என்று முதலிலிருந்து தட்ட வேண்டும். இதைத் தன்னம்பிக்கைக் கதை என்று யாராவது சுருக்கினால் எனக்குக் கோபம் வருகிறது. வேதா தன்னை மட்டும் நம்பி எழுந்திருக்கவில்லை. அவளைச் சுற்றி எத்தனை பேருடைய கை வேலை செய்கிறது!

சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்துகொண்டு இந்தப் புத்தகத்தைப் படித்ததால்தானோ என்னவோ, என் யோசனை டயர் பக்கம் போயிற்று. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம் சாலை பிரிகிற ஊர் இது. கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று உருண்டு ஓடுகிற எல்லாவற்றையும் அந்தப் பக்கம் செய்கிறார்கள். அப்பல்லோ டயர் ஆலையும் ஒரகடத்தில்தான். புது டயர் ஆலைக்குள்ளே பிறக்கிறது. பழைய டயரின் மறுபிறப்பைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். பட்டன் தேய்ந்து மொட்டையான லாரி டயரை ரீட்ரெடிங் கடையில் சீவி, புது ரப்பர் பட்டையைச் சுற்றி, சூட்டில் வேக வைப்பார்கள். கந்தகம் கலந்த ரப்பர் வேகும் வாசனை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சூட்டிலும் அழுத்தத்திலும் இரண்டு ரப்பரும் ஒன்றாகிவிடுகின்றன. எங்கே பழையது முடிந்தது, எங்கே புதியது தொடங்கியது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

ஜெய்ப்பூர் கால் பிறந்தது இப்படியொரு கடையில் என்று சொல்வார்கள். 1960-களில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவேலை கற்றுத்தந்தவர் ராம்சந்திர சர்மா. கைவினைக் குடும்பம், பெரிய படிப்பு கிடையாது. அங்கே கால் இழந்தவர்களுக்கு மேல்நாட்டு மாதிரியில் கால் கொடுப்பார்கள், வாங்கிப் போனவர்கள் மூலையில் போட்டுவிட்டுக் கட்டையை ஊன்றி நடப்பார்கள். காரணம் எளிது. அந்தக் கால் ஷூவுக்குள் இருக்க வேண்டிய கால். நாற்காலியில் உட்காருகிறவனுக்காகச் செய்தது. வயலில் வெறுங்காலோடு இறங்கவோ, குந்தி உட்காரவோ, சம்மணம் போட்டுச் சாப்பிடவோ அது வளையாது. சர்மாவின் சைக்கிள் ஒருநாள் பஞ்சராகிறது. நின்ற கடையில் லாரி டயருக்கு ரப்பர் வேக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதே ரப்பரில் ஒரு பாதம் வார்க்க முடியுமா என்று கேட்கிறார். டாக்டர் பி.கே. சேத்தியின் எலும்பியல் அறிவும் சர்மாவின் கையும் சேர்ந்து 1968 வாக்கில் அந்தப் பாதம் உருவானது. உள்ளே பஞ்சு போன்ற ரப்பரும் மரக்கட்டையும், மேலே உறுதியான ரப்பர், எல்லாம் அச்சில் வைத்து வேக வைத்தது. விரல்கள்கூட உண்டு. செருப்பில்லாமல் நடக்கலாம், தண்ணீரில் இறங்கலாம், குந்தலாம்.

எங்கள் ஊர்ப் பாடலாத்ரி நரசிம்மர் குகைக்குள் அமர்ந்திருக்கிறார். பாறையைக் குடைந்தே சன்னதி எடுத்ததால் பெருமாளை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். அர்ச்சகர் ஆரத்தி காட்டி, நெற்றியில் நாமத்தை விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டும்போது எல்லோரும் எட்டி அதைத்தான் பார்ப்பார்கள். இந்தப் புத்தகத்துக்குப் பிறகு நான் கால்களைப் பார்க்கிறேன். ஒன்றை மடித்து மற்றொன்றைத் தொங்கவிட்டு அமர்ந்த கோலம். நம் தெய்வங்களும் நம் நாட்டியமும் முட்டி மடங்குவதிலிருந்து தொடங்குகின்றன. 1981-ல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் கால் இழந்த பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், ஜெய்ப்பூர் காலோடு மேடைக்குத் திரும்பி, 'மயூரி' படத்தில் தன் கதையைத் தானே நடித்தார். டயர் கடையில் தோன்றிய யோசனை அரைமண்டி வரை வந்து சேர்ந்துவிட்டது.

போன கால் வலிக்கும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். இல்லாத பாதத்தில் அரிக்கும், இல்லாத விரல் மடங்கிக்கொண்டு வதைக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்தே அந்த வலியைத் தணிக்க வழி கண்டார். இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் மூளைக்குக் காட்டுவது. ஆள் போன வீட்டிலும் இந்த வலி உண்டு. என் பெரியப்பா போன பிறகு பெரியம்மா பல நாள் அதே அளவு அரிசியைத்தான் களைந்து போட்டார். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போதுதான் கை நிற்கும்.

அந்தப் பெரியப்பாவின் காரியத்துக்கு அனுமந்தபுரம் பக்கத்துச் சிற்றூரில் கர்ண மோட்சம் வைத்தார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கம் சாவு வீட்டில் இந்தக் கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் முகவீணை ஊத, மிருதங்கம் எழ, கட்டியங்காரன் வந்து எல்லோரையும் வம்புக்கு இழுத்தான். துக்க வீடு சிரித்தது. பிறகு கிரீடமும் புஜக்கட்டையுமாகக் கர்ணன் திரைக்குப் பின்னிருந்து வந்தான். பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடம் மட்டும் வெகு நேரம் நடந்தது. போருக்குப் போகிறவன், போக வேண்டாம் என்கிறவள், இத்தனை நாள் அவனை மதிக்காமல் இருந்துவிட்ட அவளுடைய தவிப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் அவன் கிளம்பிக் கிளம்பித் திரும்பினான். உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டார்கள்.

பெரியப்பாவின் இளைய மகனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நிலத்தைப் பிளாட் போடுகிறவருக்கு விற்ற நாளிலிருந்து அப்பாவிடம் அவன் பேச்சை நிறுத்தியிருந்தான். ஆஸ்பத்திரியிலும் பேசவில்லை. கொள்ளி வைத்தபோதும் அழவில்லை. ஊர் அதையும் கவனித்தது. விடியப்போகும் நேரம், கர்ணன் விழுந்து, குந்தி அவனை மடியில் கிடத்தி 'மகனே' என்று ஒப்பாரி எடுத்தாள். உயிரோடு இருந்தவரை ஊரறிய அந்த வார்த்தையைச் சொல்லாதவள். இவன் எழுந்தான். நேராகக் கட்டியங்காரனிடம் போய் ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துக் காதில் ஏதோ சொன்னான். கூத்தில் அன்பளிப்புத் தருகிறவர் பெயரை உரக்கச் சொல்வது வழக்கம். கட்டியங்காரன் இவன் பெயரைச் சொல்லவில்லை. பெரியப்பாவின் பெயரைச் சொன்னான், தகப்பனார் பெயரோடு, ஊர்ப் பெயரோடு, நூறு ரூபாய் அன்பளிப்பு என்று மூன்று தரம். ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறிப் போனான்.

வேதா தானே ஆடித் தன் துக்கத்தைக் கடக்கிறாள். என் தம்பிக்காக வேறொருவர் இரவு முழுக்க ஆடினார். இரண்டும் வேண்டும் என்றே நினைக்கிறேன். கூத்து ஊரோடு அழ வைக்கும். தனியாக, போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் அழ ஒரு பதினேழு வயதுக்குப் புத்தகம் வேண்டும். தமிழில் சிறுவர் கதையிலிருந்து நேரே பெரியவர்கள் நாவலுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. நடுவில் உள்ள அலமாரி மிகச் சிறியது. விழுப்புரத்திலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளின் கதை அந்த அலமாரியில் இருந்தாக வேண்டும். அவர்களில் ஒருவன் ஊரில் மிருதங்கம் வாசித்தவனாக இருப்பான். ஒருத்தி கோலப்போட்டியில் பரிசு வாங்கியவளாக இருப்பாள். பவர் பிரஸ்ஸில் விரல் போனவனும் இருப்பான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறாள். அவளை வளர்த்த ஆயா தவறி இன்னும் வருஷம் திரும்பவில்லை. ஆங்கிலம் என்று தயங்கினாள். வரிகள் குட்டிக் குட்டியாக இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் படி என்றேன். படித்து முடித்து வந்தவள் பாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேள்விகள்தான் கேட்டாள். "அந்தக் கால் எவ்வளவு வெயிட் இருக்கும் அத்தை? கணுக்கால்ல என்ன ஜாயின்ட் வெச்சிருப்பாங்க?" எனக்குத் தெரிந்த ஜெய்ப்பூர் காலைப் பற்றிச் சொன்னேன், ரப்பர், அச்சு, சர்மா, 1975-ல் அங்கே தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இன்றும் அதை இலவசமாகவே தருவது வரை.

"தேயாதா?"

தேயும், சில வருஷத்தில் மாற்ற வேண்டும் என்றேன்.

"டயர் மாதிரி பட்டன் போடுவாங்களா, புதுசு தருவாங்களா?"

புதிதுதான் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். கடைசி செமஸ்டருக்கு ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டுமாம். அடிபாதத்தை மட்டும் மாற்றிக்கொள்கிற மாதிரி செய்ய முடியாதா, அந்த அச்சின் அளவைக் கேட்டால் கொடுப்பார்களா என்றாள். ஜெய்ப்பூருக்கு எழுதுவது என்று முடிவாகியிருக்கிறது. கடிதத்தை அவள்தான் எழுதுகிறாள். ஆங்கிலத்தை மட்டும் நான் பார்த்துத் தர வேண்டும்.