திண்ணை இருக்க டென்ட் எதற்கு?

இலுப்பூர் பஸ் ஸ்டாண்டில் முதுகுப் பையும் டென்ட்டுமாக நின்றேன்.

"என்ன தம்பி, வீட்டையே காலி பண்ணிட்டியளா?" - டீக்கடைப் பெரியவர்.

"திருச்சி போயி, அங்கேருந்து வேதாரண்யம் கடற்கரைவரை நடக்கப் போறேங்கய்யா!"

1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் உப்பெடுக்கக் கிளம்பி, 15 நாள் நடந்த வழி. சோறு போட்டால் ஜெயில் என்று மிரட்டினார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? பொட்டலம் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டார்கள்! மரத்தைக் கைது பண்ண முடியுமா, என்ன?

எனக்கும் ராத்திரிக்கு ராத்திரி ஏதாவதொரு ஊரில், "திண்ணையில படுங்க தம்பி" என்று பாய் வந்துவிட்டது. கூடவே மோர்சாதமும்.

டென்ட்டை அவிழ்க்கவே இல்லை. "காசு தண்டம்" என்கிறாள் மனைவி. எனக்கென்னவோ, அவிழ்க்காததில்தான் லாபம்!