மோப்பம்தான் அவற்றின் மொழி! நத்தம் மாந்தோப்பு முதல் கரந்தமலை அடிவாரம் வரை...

மதுரையிலிருந்து நத்தம் போகும் பயணத்தில் முதல் பத்து நிமிடம் ரொம்ப ஜாலி. 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலத்தில் ஸ்கூட்டர் ஏறிவிட்டால் நகரமே கீழே போய்விடும். ஊமச்சிகுளம் தாண்டியதும் வீடுகள் குறைந்து, மலைகள் எட்டிப்பார்க்கும். நத்தம் நெருங்கும்போது சாலையோரத்தில் மாம்பழக் கூடைகள்.

தோழியின் தாத்தாவுக்கு நத்தம் பக்கம் மாந்தோப்பு. பழம் சாப்பிடத்தான் போனேன். எறும்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

கிளையை வளைத்து ஒரு பழத்தை எட்டினேன். சுரீர்!

"பாப்பா, அது முசுறு! கிளையை விடு!" என்று தாத்தா கத்துவதற்குள் முழங்கை வரை செந்நிற எறும்புகள். கடித்தது ஒன்றுதான். மற்றவற்றை யார் கூப்பிட்டது?

வாசனைதான் கூப்பிட்டது. ஆபத்து என்றதும் முசுறு தன் தலையில் இருக்கும் சுரப்பியிலிருந்து சில ரசாயனங்களை வெளியே விடும். இதன் ஆப்பிரிக்க உறவுக்கார எறும்பை ஆராய்ந்தவர்கள் 1975-ல் அந்தக் கலவையைப் பிரித்துக் காட்டினார்கள். வேகமாகப் பரவும் ஹெக்சனல், 'உஷார்' என்கிறது. அடுத்து ஹெக்சனால், 'இந்தப் பக்கம் வா' என்கிறது. மெதுவாக ஆவியாகும் இன்னும் இரண்டு அதே இடத்தில் தங்கி, 'இங்கேதான், கடி' என்கின்றன. என் முழங்கையில் ஒட்டியிருந்தது அந்தக் கட்டளைதான்!

தாத்தா ஒரு வேடிக்கை காட்டினார். மரத்தில் எறும்புகள் சாரை சாரையாகப் போகும் பாதையை ஈரத்துணியால் ஒரு விரல் அகலத்துக்குத் துடைத்தார். அவ்வளவுதான், போன எறும்புகள் அப்படியே நின்றன. உணர்கொம்பை ஆட்டி ஆட்டித் தேடின. வயிற்றின் நுனியால் அவை தொட்டு வைத்துப்போன வாசனைக்கோடு அறுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் துணிச்சலான சில எறும்புகள் கடந்துபோக, கோடு மறுபடி இணைந்தது. உங்கள் வீட்டுச் சுவரில் போகும் எறும்பு வரிசையிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

"வரப்போரத்து மரம் வேற வீடு. இங்க இருக்கிற எறும்பை அங்க விட்டா உசுரோட திரும்பாது" என்றார் தாத்தா. உண்மைதான். எறும்பின் உடம்பில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு உண்டு. அதன் வாசனைதான் ஆதார் கார்டு. உணர்கொம்பால் தொட்டுப் பார்த்து, 'நம்ம ஆளா, வெளி ஆளா' என்று முடிவு செய்கின்றன. முசுறு பூச்சிகளைத் தின்று மரத்தைக் காக்கும் என்பதால், சீன விவசாயிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதன் கூடுகளை ஆரஞ்சுத் தோப்புகளில் வைத்தார்கள்.

"இது கடிச்சாலும் நம்ம எறும்பு. கரந்தமலை எறும்பைப் பார்த்திருக்கியா?" என்றார் தாத்தா. அன்று மாலையே அங்கே கிளம்பினோம்.

ஆட்டின் கண்

நத்தம் வட்டாரத்தில்தான் இருக்கிறது கரந்தமலை. 2022-ல் அதன் அடிவார கிராமங்கள் செய்திகளில் அடிபட்டன. காரணம், மஞ்சள் கிறுக்கெறும்பு. தொந்தரவு செய்தால் திசையில்லாமல் ஓடுவதால் அந்தப் பெயர். இதற்குக் கொடுக்கு கிடையாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் ஒரு வெள்ளாட்டை இழுத்துக் காட்டினார். அதன் இடது கண் வெளுத்திருந்தது.

"அப்ப இது குட்டி. படுத்துச்சுன்னா கண்ணுல ஏறிப்புடும். விடிய விடியத் தண்ணிய ஊத்திக் கழுவினேன். ஒரு கண்ணைத்தான் காப்பாத்த முடிஞ்சுச்சு" என்றார்.

ஏன் இந்த எறும்பு மட்டும் இவ்வளவு பெருகுகிறது? இதன் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். அதோடு, இது பெருகும் இடங்களில் பக்கத்துப் பக்கத்துக் கூடுகளின் உடல் வாசனை ஒன்றாகவே இருக்கும். 'வெளி ஆள்' என்று எதுவும் இல்லை, சண்டையும் இல்லை. மாந்தோப்பில் பார்த்த 'வேற வீடு' என்ற எல்லை இங்கே அழிந்துவிடுகிறது. ஊரே ஒரே கூடாகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு ஒரு கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. அங்கே எறும்புக்கு இனிப்பு நீர் தருவது ஒருவகைச் செதில்பூச்சி. அந்தப் பூச்சியை அழிக்க 2016-ல் மலேசியாவிலிருந்து சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இந்த எறும்பு ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம் கையால்தான். செடித்தொட்டி, மண், மரக்கட்டைகளில் ஒளிந்து வரும். நர்சரியில் செடி வாங்கினால் வீட்டுக்குள் வைப்பதற்கு முன் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். கண்ட மருந்தையும் அடித்து உள்ளூர் எறும்புகளைக் கொல்லாதீர்கள். அவை காலி செய்யும் இடத்தில்தான் இது குடியேறும்.

கிளம்பும்போது, "இப்பவும் எறும்பு இருக்கா அப்பத்தா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கும் ராத்திரி கொட்டகையில டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் படுப்பேன்" என்றார். வெள்ளாடு அவர் சேலை முந்தானையை மோந்து பார்த்து, ஒட்டி நின்றுகொண்டது.